தேவரீரும் நீயும்

கமிட்டி அஜெண்டாவில் அது ஏழாவது. அதற்கு முன்னால் கழிவறைக்கு டைல்ஸ், மைக் செட் ரிப்பேர், கல்லறைத் தோட்டத்துச் சுற்றுச்சுவர் என்று ஆறு விஷயங்கள். ஏழாவதாக, "தமிழ் ஆராதன, துடரணமோ?" என்று மலையாளத்தில் டைப் செய்திருந்தார்கள். தொடர வேண்டுமா? டைல்ஸ் நிறத்துக்கே ஒரு மணி நேரம் போய்விட்டதால் இதற்குப் பத்து நிமிடம்தான் மிச்சம்.

எங்கள் கோயில் கேரள எல்லையில், பாறசாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சர்ச், தென்கேரள மகாஇடவக, அதாவது பேராயம். மாதத்தின் முதல் ஞாயிறு காலை ஆறரைக்குத் தமிழ் ஆராதனை, மற்றதெல்லாம் மலையாளம். தமிழ் ஆராதனைக்கு வருகிறவர்களை எண்ணி ரிஜிஸ்டரில் எழுதுவது என் வேலை. கடைசி ஆறு மாதக் கணக்கு 11, 13, 9, 11, 8, 11. இதில் அச்சனையும் (போதகரை இங்கே அப்படித்தான் சொல்வோம்) என்னையும் சேர்த்திருக்கிறேன். அச்சன் வடக்கேயிருந்து வந்தவர். தமிழ் ஆராதனை முறையை மலையாள எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு, வியர்க்க வியர்க்க வாசிப்பார். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை.

கூட்டத்தில் ஒரு தம்பி, "தெய்வத்துக்கு எல்லா பாஷையும் தெரியுமே" என்றார். எந்தச் சபைக் கமிட்டியிலும் யாராவது ஒருவர் சொல்லும் வாக்கியம் இது. தெய்வத்துக்குத் தெரியும், சரி. சிக்கல் தெய்வத்துக்கு இல்லையே, நமக்குத்தானே. இன்னொரு பெரியவர் எழுந்து, தமிழை ஒழிக்கப் பார்க்கிறீர்கள் என்று சத்தம் போட்டார். அவர் தமிழ் ஆராதனைக்குக் கடைசியாக எப்போது வந்தார் என்று ரிஜிஸ்டரைப் புரட்டினால் தெரியும். நான் புரட்டவில்லை.

கை தூக்கச் சொன்னபோது, நிறுத்தலாம் என்ற பக்கம் தூக்கினேன். தமிழ்நாட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்தவள், தமிழ் வழியில் படித்தவள், ரிஜிஸ்டர் எழுதுகிறவள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஏன் தூக்கினேன் என்பது அப்போது எனக்கே பாதிதான் தெரியும்.

நான் பிறந்தது களியக்காவிளைக்கு அந்தப் பக்கம், மார்த்தாண்டத்தை ஒட்டிய ஒரு கிராமம். அங்கிருந்து கட்டிக்கொடுத்த வீட்டுக்குப் பஸ்ஸில் முக்கால் மணி நேரம். அந்த முக்கால் மணி நேரத்தில் சாப்பாடு மாறவில்லை. மரச்சீனியும் மீன்கறியும்தான் இங்கேயும். கோயில் சொற்கள்தான் மாறின. அங்கே பேராயம், இங்கே மகாஇடவக. அங்கே போதகர், இங்கே அச்சன். அம்மை உலை வைக்குமுன் ஒரு கைப்பிடி அரிசியைக் கோயிலுக்கென்று டப்பாவில் போடுவாள். இங்கே மாமி, என் மாமியார், போடும்போது அது பிடியரி. டப்பா ஒன்றுதான், இரண்டு வீட்டிலும் பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்.

1956 நவம்பர் 1 வரைக்கும் இது எல்லாமே ஒரே திருவிதாங்கூர்ச் சீமைதான். அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என்ற நாலு தாலுகா தமிழ்நாட்டோடு போயின. திருவிதாங்கூர்த் தமிழர்கள் கேட்ட நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்திலேயே நின்றுவிட்டது. நாங்கள் அதற்குள்தான். சபை மூன்று வருஷம் பொறுத்துப் பார்த்தது. 1959இல் தென்திருவிதாங்கூர்ப் பேராயமும் இரண்டானது, அந்தப் பக்கம் கன்னியாகுமரி, இந்தப் பக்கம் தென்கேரளம். ஆனால் இரண்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். 1806இல் மிஷனரி ரிங்கல்தௌபே மைலாடிக்கு வந்து தொடங்கிய லண்டன் மிஷன்தான் இரண்டுக்கும் தாய்.

மாமிக்கு இப்போது எண்பத்து நாலு. ஞானஸ்நானம் எடுத்ததும் கல்யாணம் முடித்ததும் இதே கோயிலில். ஒருமுறை பென்ஷன் விஷயமாக வயது சான்று தேடியபோது கோயில் பீரோவைத் திறந்து பார்த்தோம். ஞானஸ்நான ரிஜிஸ்டரில் அவர் பேர் தமிழில் இருந்தது, கல்யாண ரிஜிஸ்டரில் மலையாளத்தில். இரண்டிலும் எழுத்துப்பிழை.

இனி ஓய்வுநாள் பள்ளிக்கு வருகிறேன். என் தலையில் இந்த விஷயம் கிளம்பியது அங்கேதான்.

போன வருஷம் சின்னப் பிள்ளைகளுக்கு பைபிளில் உள்ள தாவீதின் 23ஆம் சங்கீதம் மனப்பாடம் கொடுத்திருந்தது. இங்கே அதைச் சங்கீதம் என்று சொல்லக்கூடாது, சங்கீர்த்தனம். சங்கீதம் என்றால் பாட்டு கிளாஸ் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்ளும். 1910இல் வந்த மலையாள பைபிளான சத்தியவேதபுஸ்தகத்தில்தான் இன்றும் எங்கள் பிள்ளைகள் படிக்கிறார்கள். "யஹோவ என்றெ இடையனாகுன்னு, எனிக்கு முட்டுண்டாகயில்ல" என்று தொடங்கும். முட்டு என்றால் குறைவு, தட்டுப்பாடு. நம்மூரில் கைமுட்டு என்கிறோமே, அந்த முட்டு. ஆனால் பிள்ளைகளுக்கு முட்டு என்றால் கால்முட்டுதான். ஒரு சிறுமி, எட்டு வயது இருக்கும், கையைத் தூக்கி, "ஆன்ட்டி, தாவீதுக்கு முட்டே கிடையாதா?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. அன்று ராத்திரி மாமியிடம் சொன்னேன். மாமிக்கு இரண்டு காலிலும் முட்டுவலி. "முட்டில்லாத்தவனுக்குக் கவலையில்லை மக்களே" என்றார்.

அந்தச் சிறுமியே அடுத்த வாரம் இன்னொன்று கேட்டாள். அதற்குத்தான் எனக்குப் பதில் வரவில்லை. நாலாம் வசனத்தில், "நீ என்னோடுகூடெ இரிக்குன்னுவல்லோ" என்று வருகிறது. "தெய்வத்தெ நீ என்னு விளிக்காமோ ஆன்ட்டி?" கடவுளை நீ என்று கூப்பிடலாமா? அவள் வீட்டில் அப்பாவை நீ என்று சொன்னால் அடி விழுமாம்.

எனக்குள் ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருந்ததை எட்டு வயசுப் பிள்ளை கேட்டுவிட்டது. நான் படித்த தமிழில் அந்த வசனம் இப்படி: "நான் மரண இருளின் பள்ளத்தாக்கிலே நடந்தாலும் பொல்லாப்புக்குப் பயப்படேன், தேவரீர் என்னோடே கூட இருக்கிறீர்." தேவரீர்! அது ராஜா முன்னால் கைகட்டி நிற்கும் சொல். கல்யாணமாகி வந்த புதிதில் மலையாள ஆராதனையில் "நின்றெ நாமம்" என்று, இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபம் சொல்லும்போது எனக்கு நாக்கு கூசும். உம்முடைய நாமம் என்று உள்ளுக்குள் திருத்திக்கொண்டே சொல்வேன். ஏதோ பெரியவர் முன்னால் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்ததுபோல இருக்கும். ஆறேழு வருஷம் இப்படி மனசுக்குள் மொழிபெயர்த்தபடியே கும்பிட்டேன் என்றால் பாருங்கள்.

பிள்ளைக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்று தேட ஆரம்பித்தேன். முதலில் தெரிந்தது, மூலத்தில் மரியாதைப் பன்மையே கிடையாது என்பது. எபிரெயத்தில் அந்த இடம் "கீ அத்தா இம்மாதீ". அத்தா என்றால் நீ. பிள்ளையைக் கூப்பிடவும் அத்தா, ராஜாவைக் கூப்பிடவும் அத்தா, கடவுளுக்கும் அத்தா. (நம் ராவுத்தர் வீடுகளில் அப்பாவை அத்தா என்பார்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஆனாலும் எனக்கு அது பிடித்திருந்தது.) புதிய ஏற்பாட்டுக் கிரேக்கத்திலும் கதை அதேதான். அப்படியானால் மலையாளம் உள்ளதை உள்ளபடி வைத்திருக்கிறது. தமிழ்தான் எழுந்து நின்று வணக்கம் போட்டிருக்கிறது.

எல்லாத் தமிழும் அப்படி இல்லை. சுந்தரர் சிவனைப் பித்தா என்று விளித்துத்தான் பாடவே தொடங்கினார். ஊரில் அம்மன் கோயில் முன்னால் ஒரு பெண் கோபமாக நின்றால் "நீங்கள்" என்றா சொல்வாள்? கடவுளை நீ என்பது தமிழுக்குப் பழகிய விஷயம்தான். கிறிஸ்தவ வேதத் தமிழ் மட்டும் நீயும் வேண்டாம், நீங்களும் வேண்டாம் என்று நடுவில் நின்று, நீர் என்பதைப் பிடித்துக்கொண்டது. இன்றைக்கு நீர் என்ற சொல்லை அன்றாடம் கேட்க வேண்டுமென்றால் ஒன்று கோயிலுக்குப் போக வேண்டும், இல்லை நாஞ்சில் நாட்டு டீக்கடைக்குப் போக வேண்டும். அங்கே சமவயசுக்காரர்கள், "ஓய், நீரு காசு குடும்" என்பார்கள்.

நம்முடைய பழைய மொழிபெயர்ப்பு, 1871இல் மிஷனரி பவர் ஐயர் குழு முடித்தது, யாருக்கு என்ன மரியாதை என்பதில் ரொம்பக் கவனம். பிலாத்து இயேசுவை விசாரிக்கும் இடத்தை எடுத்துப் பாருங்கள். "நீ யூதருடைய ராஜாவா என்று கேட்டான். அதற்கு இயேசு: நீர் சொல்லுகிறபடிதான் என்றார்." ஒரே மூச்சில் என்னவெல்லாம் நடக்கிறது! தேசாதிபதி கைதியை நீ என்கிறான். கைதி தேசாதிபதியை நீர் என்கிறார். கதை சொல்கிறவரோ தேசாதிபதிக்கு "கேட்டான்" போட்டு, கைதிக்கு "என்றார்" போடுகிறார். நாற்காலியில் இருப்பவனுக்கு ஒருமை, கட்டுண்டு நிற்பவருக்கு மரியாதை. கிரேக்கத்தில் இது எதுவும் கிடையாது. இந்த ஒரு ரகரத்துக்கும் னகரத்துக்கும் நடுவில் ஒரு பிரசங்கமே இருக்கிறது, அதைத் தமிழில் மட்டும்தான் வாசிக்க முடியும். மலையாள வினைக்கு ஆன், ஆர் விகுதியே இல்லை, அங்கே இது மொத்தமாக நழுவிப்போகும். அதனால் தமிழை நான் குறைத்துப் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம்.

ஆனால் மரியாதை இலவசமாக வருவதில்லை. இந்தச் சீமையில் யார் யாரை எப்படிக் கூப்பிடலாம் என்பதற்கு அடி உதை இருந்தது. லண்டன் மிஷனைச் சேர்ந்த சாமுவேல் மாட்டீர் திருவிதாங்கூரைப் பற்றி 1871இல் வெளியிட்ட நூலில் அடிமைச் சாதியாரின் பேச்சைக் குறித்துவைத்திருக்கிறார். அவர்கள் "நான்" என்று சொல்லக்கூடாது, "அடியன்" என்றுதான் சொல்ல வேண்டும். தான் தின்பதைச் சோறு என்று சொல்லக்கூடாது, கரிக்காடி (அழுக்குக் கஞ்சி). தன் பிள்ளைகளைப் பிள்ளைகள் என்று சொல்லக்கூடாது, குரங்குகள், கன்றுகள். அடிமைமுறை ஒழிந்ததாகத் திருவிதாங்கூர் அரசு அறிவித்தது 1855இல். நாடார் பெண்கள் மேலே துணி போடலாம் என்று அறிவிப்பு வந்தது 1859 ஜூலையில், அதுவும் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக்கூடாது என்ற நிபந்தனையோடு. இங்கே சபைக்கு வந்த முதல் தலைமுறைகள் இந்தப் பேச்சுக்குள் வளர்ந்தவர்கள்.

அப்படிப்பட்ட ஒருவரை நினைத்துப் பாருங்கள். வரப்பில் எதிரே வருகிறவனிடம் "நான்" என்று சொல்ல உரிமையில்லாத ஆள், ஞாயிற்றுக்கிழமை ஓலைக் கொட்டகைக்குள் உட்கார்ந்து, வானத்தையும் பூமியையும் உண்டாக்கினவரைப் பார்த்து "நீ" என்கிறார். அதே வாக்கியத்தில் "ஞான்" என்றும் சொல்கிறார். தேவரீர் என்ற சொல் அவருக்குப் புதிதா? தினமும் வயலில் சொல்லும் தினுசுதானே அது, உடையவன் மட்டும் வேறே.

இதை நான் மலையாளத்துக்கு வக்காலத்தாகச் சொல்லவில்லை. மலையாளமும் இப்போது மாறிக்கொண்டுதான் வருகிறது. பக்கத்துக் கத்தோலிக்கத் தோழி கையில் இருக்கும் மலையாள பைபிளில் அதே இடம் "அவிடுன்னு" என்று இருக்கிறது, தமிழ் தேவரீருக்கு நேர் இணை. எங்கள் இளம் அச்சன்மாரும் ஜெபத்தில் "அங்ஙு" என்றே சொல்கிறார்கள். தமிழிலோ 1995இல் வந்த திருவிவிலியம் தேவரீரை இறக்கி "நீர் என்னோடு இருப்பதால்" என்று வைத்தது. ஒரு பக்கம் ஏறுகிறது, ஒரு பக்கம் இறங்குகிறது.

இன்னொன்றையும் இந்தத் தேடலில்தான் கவனித்தேன். சின்ன வயசிலிருந்து ஒப்பிக்கிற சங்கீதம், ஆனாலும் கண்ணில் படவில்லை. முதல் மூன்று வசனமும் கடவுளைப் பற்றியே பேசுகின்றன. அவர் மேய்க்கிறார், அவர் புல்லுள்ள இடத்துக்குக் கொண்டுபோகிறார், அவர் நடத்துகிறார். புல்லும் தண்ணீரும் இருக்கிறவரைக்கும் அவர் ஒரு "அவர்". இருட்டுப் பள்ளத்தாக்குக்குள் கால் வைத்ததும் பேச்சு திரும்புகிறது. பற்றிப் பேசியது போய், பார்த்துப் பேசுகிறது. அந்தத் திருப்பத்தில் வரும் முதல் சொல்தான் அத்தா. நீ.

இதைப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் மாமியின் ஞாபகம் வந்தது. பதினைந்து வருஷத்துக்கு முந்தின விஷயம். என் கொழுந்தன் ஷார்ஜாவில் வேலை பார்த்த கம்பெனி ஒரே நாளில் மூடிவிட்டது. பாஸ்போர்ட் முதலாளி கையில். இரண்டு மாதம் சம்பளம் இல்லை, கேம்ப்பில் கரண்டும் இல்லை. வீட்டில் குடும்ப ஜெபம் நடக்கும்போது மாமி எப்போதும்போல ஆராதனைத் தமிழில்தான் ஜெபித்தார், கிருபையுள்ள ஆண்டவரே, நீர் எங்களைக் கண்ணோக்கும் என்று. எல்லோரும் ஆமென் சொல்லிப் படுத்தோம். நடு ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தவள் அடுக்களை வாசலில் நின்றுவிட்டேன். மாமி இருட்டில் அம்மிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். முட்டு மடங்காது, அதனால் காலை நீட்டி. பேசிக்கொண்டிருந்தார்.

"நீ எங்க போய்க் கெடந்தே? எனக்க மோன் அங்க கஞ்சிக்கில்லாம கெடக்குதான். ஒனக்குக் கண்ணு தெரியல்லியா? சொல்லு."

சொல்லு என்றார். கொஞ்ச நேரம் சும்மா இருந்தார், நிஜமாகவே பதிலுக்குக் காத்திருப்பதுபோல. அப்புறம் மறுபடியும் திட்ட ஆரம்பித்தார். நான் தண்ணீர் குடிக்காமலேயே போய்ப் படுத்துக்கொண்டேன். எனக்கு அப்போது கொஞ்சம் அதிர்ச்சிதான். வயசாகிவிட்டது, மரியாதை தெரியவில்லை என்றுகூட நினைத்தேன். அது தமிழா மலையாளமா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அந்த நீ இரண்டு மொழிக்கும் பொது. பிரசங்கங்களில் ஜென்மபாஷை, ஜென்மபாஷை என்பார்கள், அப்போஸ்தலர் நடபடிகளில் வரும் சொல். மாமியின் ஜென்மபாஷை எது என்று சென்சஸ்காரர் கேட்டு எழுதிக்கொண்டு போயிருப்பார். அடுக்களைத் தரையில் நான் கேட்டதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

கமிட்டியில் நான் கையைத் தூக்கியபோது மனசில் இருந்தது இந்த ராத்திரிதான். ஆறரை மணி ஆராதனையில் நாங்கள் பதினொரு பேரும் தேவரீர் தேவரீர் என்று வாசித்துவிட்டு வருகிறோம். அது எங்கள் ஜெபமொழி என்பதைவிட, எங்கள் சர்டிபிகேட் மொழி ஆகிவிட்டது என்று எனக்குத் தோன்றியது. நாங்கள் தமிழர் என்று மாதம் ஒருமுறை முத்திரை குத்திக்கொள்வது. அதற்குக் கடவுளைக் கூட்டு சேர்க்க வேண்டுமா?

இன்று கேட்டால் அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். பிலாத்துவின் "கேட்டான்", இயேசுவின் "என்றார்" இரண்டும், தமிழ் ஆராதனை நின்றுபோனால், இந்தக் கோயிலில் ஒருவர் காதிலும் விழாது என்பது சின்ன நஷ்டமில்லை. கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டேன் என்று நினைக்கிறேன்.

மாமியிடம் விஷயத்தைச் சொன்னபோது அவருக்குக் கோபம் வந்தது. நான் மொழிக்காக என்று நினைத்தேன். விஷயம் வேறே. ஆறரை ஆராதனை ஏழரைக்கு முடிந்துவிடும், வந்து ஆட்டை அவிழ்த்துக் கட்டலாம். மலையாள ஆராதனை ஒன்பதரைக்குத் தொடங்கி, அறிவிப்பெல்லாம் வாசித்து, முடிய பன்னிரண்டாகும். "அவியளுக்க அறிவிப்பு கேக்க எனக்க முட்டு பத்தாது" என்றார். எங்கள் வீடு கோயில் மதிலை ஒட்டித்தான். ஆடு பலாமரத்தடியில் கட்டியிருக்கும். அது கத்தினால் ஆல்டர் வரைக்கும் கேட்கும், பல பிரசங்கங்களை அது முடித்துவைத்திருக்கிறது.

கடைசியில் கமிட்டி வழக்கம்போல நடுவே வெட்டியது. மாதந்தோறும் வேண்டாம், ஐந்து ஞாயிறு வருகிற மாதத்தில் ஐந்தாம் ஞாயிறு மட்டும் தமிழ். வருஷத்துக்கு நாலு தடவையோ ஐந்து தடவையோ வரும். நேரம் அதே ஆறரை. மாமிக்குத் திருப்தியில்லை, ஆனாலும் பரவாயில்லை என்றார்.

முதல் ஐந்தாம் ஞாயிற்றுக்குச் சங்கீதம் வாசிக்க அந்தச் சிறுமியைக் கேட்டேன். அவளுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. அதனால் 23ஆம் சங்கீதத்தை மலையாள எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். உட்கார்ந்து எழுதும்போதுதான் வேலை தெரிந்தது. தமிழில் ஒரே ப. மலையாளத்தில் நாலு ப இருக்கிறது, எதைப் போடுவது என்று ஒவ்வொரு சொல்லிலும் முடிவெடுக்க வேண்டும். பயப்படேன் என்பதில் முதல் ப ஒன்று, இரண்டாவது ப வேறொன்று. கர்த்தருக்கு முதல் க, தேவரீருக்கு மூன்றாவது த. தாழ்ச்சியடையேன் மட்டும் தொல்லையே தரவில்லை, ழ இரண்டு பக்கமும் சொந்தம். அவள் அதை வீட்டில் சொல்லிக் காட்டியபோது ழ அவ்வளவு அழகாக விழுந்தது. என் அக்கா பிள்ளைகள் மார்த்தாண்டத்தில் அதைத் தாள்ச்சி என்பார்கள்.

அன்று ஒன்பது பேர். அச்சனுக்குத் தொண்டை கட்டியிருந்தது. மாமி முதல் பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். சிறுமி புதுப் பாவாடையில் வந்து ஸ்டாண்டு முன்னால் நின்று, எட்டிப் பார்த்து வாசிக்க ஆரம்பித்தாள். கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார் சரியாக வந்தது. புல்லுள்ள இடங்கள், அமர்ந்த தண்ணீர்கள், எல்லாம் சரி. மரண இருளின் பள்ளத்தாக்கு கொஞ்சம் திக்கி, தாண்டிவிட்டாள். "பயப்படேன்" என்று நிறுத்தி, அடுத்த சொல்லைப் பார்த்தாள். வாயை அசைத்துப் பார்த்தாள். மைக் ஆனில் இருப்பதை மறந்து என் பக்கம் திரும்பி, "ஆன்ட்டி, தேவரீர்னா இது ஆரு?" என்று கேட்டாள்.

மதிலுக்கு அந்தப் பக்கம் ஆடு கத்தியது.

"நீ வாசி மக்களே," என்றார் மாமி முதல் பெஞ்சிலிருந்து. "அது விளிக்குது."